பயப்பட வேண்டியது ஊசிக்கா, பீலித் தண்ணீருக்கா?



ஊசி போட்டால் கைகால் விழுந்துவிடும் என்ற கதை லயங்களில் மறுபடியும் சுற்றுகிறது. பாடசாலையில் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் நாளில் பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோரும் உண்டு. கதையில் வரும் நோய் பொய்யல்ல. அதற்குக் கில்லன் பாரே என்று பெயர். அது எதனால் வருகிறது என்பதில்தான் கதை தடம் மாறுகிறது.

கிருமியோடு போராடும் நம் உடம்பு, மிக அபூர்வமாகத் தன் நரம்புகளையே எதிரி என்று தாக்கிவிடுகிறது. காலில் மதமதப்பும் பலவீனமும் தொடங்கி மேலே ஏறும். மூச்சு வரை போனால் உயிராபத்து. ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஒருவர் இருவருக்கே வரும். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு முந்திய வாரங்களில் வயிற்றோட்டமோ சளிக்காய்ச்சலோ இருந்திருக்கும். அசுத்தத் தண்ணீரிலும் வேகாத கோழியிறைச்சியிலும் உள்ள கெம்பைலோபெக்டர் கிருமிதான் முதல் குற்றவாளி. 2025 ஜனவரியில் இந்தியாவின் புனே நகரில் நூற்றுக்கு மேற்பட்டோர் இந்நோயில் விழுந்தபோது, சந்தேகம் குடிதண்ணீர் மீதே போனது.

ஊசிக்குச் சம்பந்தமே இல்லையா? மறைக்கத் தேவையில்லை. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டவர்களில் இலட்சத்துக்கு ஒருவர் அளவில் இந்நோய் கூடியது. அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். இன்றைய சளிக்காய்ச்சல் ஊசியில் அந்த ஆபத்து இருந்தாலும் பத்து இலட்சத்துக்கு ஒன்றிரண்டுதான். புற்றுநோய்த் தடுப்பூசியைப் பற்றி இங்கிலாந்தில் ஆராய்ந்தபோது இந்நோய் கூடியதாகத் தெரியவில்லை. பிள்ளைகளின் கால்களை முடமாக்கிய போலியோவை 1993க்குப் பிறகு இலங்கையில் இல்லாமல் செய்ததும் தடுப்பு மருந்தே.

ஆகவே பிள்ளைகளுக்கு ஊசியைத் தவறாமல் போடுங்கள். முன்பு இந்நோய் வந்தவர்கள் மட்டும் ஊசிக்கு முன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்துபோன பின் இரண்டு கால்களும் சோர்ந்தால், வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். 1990க்கு அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். பெரும்பாலானோர் மீண்டும் நடக்கிறார்கள்.

ஆனால் கொதிக்க வைப்பதோடு நம் கடமை முடியாது. மேலே மாட்டுப்பட்டியும் கக்கூசும் இருக்க, கீழே பீலியில் பிடிக்கும் தண்ணீரைச் சுத்தமாக்குவது தொழிலாளியின் விறகுச் செலவில் நடக்க வேண்டிய வேலையா? தண்ணீர்த் தாங்கியைக் கழுவிக் குளோரின் இடுவதும், தண்ணீரைப் பரிசோதிப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. வயிற்றோட்டத்தில் படுத்தவரின் பேரை வெட்டினால் அவர் நோயோடு மலைக்குத்தான் போவார். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் அரச ஆஸ்பத்திரிகளுக்கு வந்த விவகாரத்தையும் மறக்கக்கூடாது. இந்நோய்க்குக் கொடுக்கும் மருந்தே அதுதான்.

தோட்டத் தலைவர்மார் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு தண்ணீரையும் எழுத்தில் வைக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுப் பீலியைக் காட்டுங்கள். நம் கோபம் போக வேண்டிய இடம் அதுதான்.