காவலாளி கையில் கொடுக்கும் டார்ச் லைட்டில் சிக்கனம் வேண்டாம்

நம் கடைத்தெருக்களில் இரவுக் காவலுக்கு ஆள் போடுவதும், அதற்காகக் கடைக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா பிரிப்பதும் நெடுநாள் வழக்கம். சம்பளம் எவ்வளவு என்று கூட்டத்தில் அரை மணி நேரம் விவாதிக்கிறோம். சீருடை, விசில், கைத்தடி வரை பேசுகிறோம். அந்த மனிதர் விடிய விடியக் கையில் பிடித்து நடக்கிற விளக்கைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஏதோ ஒரு கம்பெனி தீபாவளிக்கு இனாமாகக் கொடுத்த பிளாஸ்டிக் லைட், இல்லையென்றால் நடைபாதையில் 150 ரூபாய்க்கு வாங்கியது, அதுவும் இல்லையென்றால் அவரே சொந்தக் காசில் வாங்கிக்கொண்டது. பல தெருக்களில் இதுதான் நிலைமை. இது சிக்கனம் அல்ல. கொடுக்கிற சம்பளத்தையே வீணாக்கும் காரியம் என்பது என் கருத்து.

காரணம் எளிது. வெளிச்சம் இல்லாத காவலாளி இருட்டுக்குள் போகமாட்டார். போகவேண்டும் என்று நாம் சொல்வதும் நியாயமில்லை. எங்கள் தெருவில் காவல் பார்க்கும் பெரியவரிடம், பின்பக்கச் சந்துக்கு ஏன் போவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். “லைட்டு இருக்குது மொதலாளி. பன்னிரண்டு மணிக்கு மேல அதுல வெளிச்சம்தான் இல்லை” என்றார். ஆக, நள்ளிரவுக்குப் பிறகு அவர் விளக்குக் கம்பத்தைச் சுற்றித்தான் காவல் பார்க்கிறார். திருட வருகிறவன் விளக்குக் கம்பத்தின் அடியிலா வருவான்?

திருட்டு மட்டுமா? தானியமும் பருப்பும் இருக்கிற கிட்டங்கியில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கண்ணாடி விரியன் இரவில்தான் இரை தேடும். மழைக்காலத்தில் மூடியில்லாத சாக்கடை, அறுந்து தொங்கும் மின்கம்பி, எல்லாவற்றையும் தாண்டித்தான் அவர் நடக்கிறார். ஷட்டருக்கு அடியிலிருந்து மெல்லப் புகை கசிந்தால், அதன்மேல் நல்ல வெளிச்சம் பட்டால்தான் கண்ணுக்குத் தெரியும்.

“கேமரா போட்டிருக்கிறோமே” என்பார்கள். கேமரா பார்க்கும், நடக்காது. பூட்டை இழுத்துப் பார்க்காது. “செல்போனிலேயே லைட் இருக்கிறதே” என்பார்கள். அது சாவித் துவாரத்தைப் பார்க்க உதவும். தெருவின் அடுத்த முனையைக் காட்டாது. மேலும் அந்தப் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் அவசரத்துக்கு 100 என்ற எண்ணை எதில் அழைப்பது?

மூன்று கட்டை பித்தளை டார்ச் காலத்தில் தேர்வு செய்வது பெரிய விஷயமாக இருக்கவில்லை. கனமாக இருக்கும், மஞ்சள் வெளிச்சம் வரும், கட்டை தீர்ந்தால் புதுக் கட்டை போடுவோம். எல்.இ.டி. வந்து, சார்ஜ் செய்யும் லித்தியம் செல்லும் வந்தபின் வெளிச்சம் பல மடங்கு கூடிவிட்டது. கூடவே பெட்டிமேல் அச்சிடும் பொய்யும் பல மடங்கு கூடிவிட்டது. மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் ஒரு பருப்பு மூட்டை வாங்காத நாம், லைட் விஷயத்தில் மட்டும் பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறோம்.

வெளிச்சத்தின் மொத்த அளவை லூமென் என்கிறார்கள். 10,000 லூமென், 10 மணி நேரம் எரியும் என்று சில பெட்டிகளில் பார்க்கலாம். கணக்குப் போடுவது நம் தொழில், போட்டுப் பார்ப்போம். இந்த லைட்டுகளில் பெரும்பாலும் இருப்பது 18650 என்ற செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நல்ல செல் ஒன்றில் 3000 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். அதாவது சுமார் 11 வாட் மணி மின்சாரம். நல்ல எல்.இ.டி. லைட் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமென் கொடுக்கும். எனவே 1000 லூமெனில் எரித்தால் 10 வாட் செலவு. ஒரு மணி நேரத்தில் செல் காலி. அவர்கள் சொல்கிற 10,000 லூமெனை 10 மணி நேரம் எரிக்க 1000 வாட் மணி, அதாவது 90 செல் வேண்டும். செல் எடை மட்டும் நான்கு கிலோ! காவலாளிக்குக் கூடவே ஒரு சுமைகூலி ஆள் வைக்கவேண்டியதுதான்.

இதே கணக்கு நமக்கு ஒரு நல்ல வழியையும் காட்டுகிறது. 150 லூமெனில் எரித்தால் செலவு ஒன்றரை வாட். ஒரே செல்லில் ஏழு மணி நேரம் ஓடும். இரவு பத்து மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை. சும்மா நடந்து பூட்டுப் பார்க்க 150 லூமென் தாராளம். சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் 800 அல்லது 1000 லூமெனுக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு இறக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே இரண்டு அளவு உள்ள லைட்தான் காவலுக்குச் சரி. உச்ச அளவை மட்டும் பார்த்து வாங்குவது, வண்டியின் உச்ச வேகத்தைப் பார்த்துச் சரக்கு லாரி வாங்குவதுபோல.

தரமான கம்பெனிகள் அமெரிக்காவின் ஆன்சி எப்.எல்.1 என்ற அளவுமுறைப்படி விவரம் போடுகின்றன. அதையும் புரிந்துகொண்டுதான் படிக்கவேண்டும். “200 மீட்டர் பாயும்” என்று அதில் இருந்தால், 200 மீட்டரில் முழுநிலவு வெளிச்சம் அளவுக்குத்தான் இருக்கும் என்று பொருள். 50 மீட்டரில் அதைப்போல 16 மடங்கு இருக்கும். அங்கேதான் ஆளை அடையாளம் காணலாம். “8 மணி நேரம்” என்பதும் ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை உள்ள நேரம். இது பொய்யல்ல, ஆனால் நாம் நினைத்துக்கொள்கிற எட்டு மணி நேரமும் அல்ல.

செல் நல்லதா போலியா என்று கண்டுபிடிக்க ஒரு வழி நம் கல்லாப்பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. எலக்ட்ரானிக் தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். நல்ல 18650 செல் சுமார் 45 கிராம் இருக்கும். 35 கிராமுக்குக் கீழே என்றால் வாங்கவேண்டாம். உள்ளே சின்ன செல்லை வைத்துவிட்டு மீதி இடத்தை எதையாவது போட்டு நிரப்புகிற வேலையெல்லாம் நடக்கிறது. அதேபோல 9900 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்ட 18650 செல்லைக் கண்டால் அப்படியே கீழே வைத்துவிடுங்கள். அந்த அளவுள்ள செல்லில் 3500 சுற்றுவட்டாரம்தான் நடைமுறை. அதற்கு மேல் வேண்டுமானால் 21700 என்ற கொஞ்சம் பருமனான செல்லுக்குப் போகலாம். அதில் 5000 வரை நியாயமாகக் கிடைக்கிறது. லித்தியம் செல்லுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

பின்பக்கத்தில் இரண்டு முள் பிளக்கை இழுத்து, சுவரில் நேராகச் செருகும் மலிவு லைட்டுகளில் பெரும்பாலும் லெட் ஆசிட் பேட்டரிதான் இருக்கும். இதை நெடுநாள் சார்ஜ் இல்லாமல் போட்டுவைத்தால் உள்ளே உப்புப் படிந்து கெட்டுவிடும். நம் காவலாளி ஊருக்குப் போய்வந்தால் லைட் செத்திருப்பது இதனால்தான். கைப்பிடி வைத்த பெரிய சர்ச் லைட்டிலும் இதே வகைதான். 6 வோல்ட், நாலரை ஆம்பியர் பேட்டரி மட்டுமே முக்கால் கிலோ வரும். ஒரே இடத்தில் உட்காருகிற கேட் காவலுக்கு அது பரவாயில்லை. நடக்கிற மனிதருக்கு வேண்டாம்.

இனி பிடிக்கிற கையைப் பார்ப்போம். இந்த வேலைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். அவர்களுக்கு ஒரு அழுத்தில் எரியவேண்டும், ஒரு அழுத்தில் அணையவேண்டும். ஐந்தாறு வகையாக மின்னி, எஸ்.ஓ.எஸ். அடித்து, அப்புறம் வெளிச்சம் வருகிற லைட் ஆபத்து நேரத்தில் காலை வாரிவிடும். பட்டன் இருட்டில் விரலுக்குத் தட்டுப்படவேண்டும். உடல் அலுமினியமாக இருப்பது நல்லது. கீழே விழுந்தாலும் தாங்கும், எல்.இ.டி.யின் சூட்டையும் வெளியே விடும். தலையை நீட்டிச் சுருக்கும் லைட்டுகள் பார்க்க அழகு. ஆனால் பல லைட்டுகளில் அந்த இடைவெளி வழியாகத்தான் தூசியும் தண்ணீரும் போகின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்று போட்டிருந்தால் சாரல், தூறலைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். விலை வித்தியாசம் அதிகமில்லையென்றால் இரண்டாவதையே வாங்கலாம்.

வெளிச்சம் ஊசிபோல ஒரே புள்ளியில் குவியவும் கூடாது. நம் சந்துகள் குறுகல். வெள்ளையடித்த சுவரில் பட்டு அது நம் கண்ணையே கூசவைக்கும். அந்தப் புள்ளியைத் தவிர மற்றதெல்லாம் இருட்டாகத் தெரியும். நடுவில் குவிந்தும் சுற்றிலும் பரவியும் விழவேண்டும். நீலம் பாரித்த வெள்ளையைவிடச் சற்று வெதுவெதுப்பான வெள்ளை மேல். சட்டை பச்சையா நீலமா, வண்டி என்ன நிறம் என்று மறுநாள் போலீசாரிடம் சொல்லவேண்டியவர் அவர்தானே.

சார்ஜ் போடுவதில் ஒரு எச்சரிக்கை. லித்தியம் செல்லைச் சாக்கு அட்டிமேல் வைத்துச் சார்ஜ் போடுவதைப் பல கடைகளில் பார்க்கிறேன். எண்ணெய், வெல்லம், சணல் சாக்கு இருக்கிற இடத்தில் இது பெரும் ஆபத்து. கடப்பைக் கல் மேடையிலோ சிமெண்ட் தரையிலோ, சுற்றிலும் எரிகிற சாமான் இல்லாமல் வைக்கவேண்டும். 45 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் சார்ஜ் செய்யக்கூடாது; சித்திரை, வைகாசியில் தகரக் கூரை அடியில் அந்தச் சூடு தாராளமாக வந்துவிடும். காவலாளி வீட்டுக்கு எடுத்துப்போய் அவர் செலவில் சார்ஜ் போடட்டும் என்று விடுவதும் சரியல்ல. கழற்றி மாட்டும் செல் உள்ள லைட்டாக வாங்கி, கூடுதலாக ஒரு செல் வைத்துக்கொண்டால், பகலில் ஒரு கடையில் சார்ஜ் ஆகும், இரவில் அவர் சட்டைப்பையில் ஒன்று உபரியாக இருக்கும். தனிச் செல்லைச் சாவிக்கொத்தோடு சேர்த்துப் போடாமல் சின்ன டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். உலோகம் உரசினால் ஷார்ட் ஆகும்.

செலவைப் பற்றி. நான் விசாரித்தவரை இப்படிப்பட்ட லைட் உபரிச் செல்லோடு 2000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. 60 கடை உள்ள தெருவுக்கு மூன்று லைட் என்றால் 6000. கடைக்கு நூறு ரூபாய். இது சங்கத்தின் சொத்தாக இருக்கவேண்டும், பதிவேட்டில் எழுதவேண்டும். உடைந்தால் காவலாளி சம்பளத்தில் பிடிக்கிற பேச்சே கூடாது; அப்படிப் பிடித்தால் அவர் லைட்டைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு இருட்டில் நடப்பார். பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்து வாங்கினால் உத்தரவாதம் கிடைக்காது. பில் போடாத வியாபாரத்தைக் குறை சொல்லும் நாமே அதை வளர்த்ததாகவும் ஆகும்.

மூன்று லைட்டையும் ஒரே நாளில் வாங்கிவிடவும் வேண்டாம். முதலில் ஒன்று வாங்கி, முழுச் சார்ஜ் போட்டு, 150 லூமெனில் எரியவிட்டு எத்தனை மணிக்கு மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு இரவு காவலாளியிடமே கொடுத்து அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். எங்கள் தெருவுக்காக இரண்டு மாதிரிகள் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுவுக்குக் கொண்டுவருகிறேன். அதற்கு முன் பார்க்க விரும்பும் அன்பர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் கடைக்கு வரலாம். தராசும் அங்கேயே இருக்கிறது.