ஓய்வு என்ற பெயரில் பறிக்க வேண்டாம்

அறுவை சிகிச்சையோ நீண்ட நோயோ முடிந்து முதியவர் ஒருவர் வீடு திரும்பும்போது, குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். என்ன உணவு கொடுக்கலாம்? எப்போது குளிக்கலாம்? படி ஏறலாமா? மாத்திரையை எத்தனை நாள் தொடர வேண்டும்? அம்மா மறுபடியும் எப்போது கோலம் போடலாம், அப்பா எப்போது பாடலாம் என்று கேட்பவர்கள் அரிது. இதற்குக் காரணம் அன்பின்மை அன்று; மிகுந்த அக்கறையே. “இனி எதற்கு இந்தச் சிரமம்? பேசாமல் ஓய்வெடுங்கள்” என்று சொல்லிக் கோலமாவு டப்பாவையும் தையல் ஊசியையும் சுருதிப்பெட்டியையும் எடுத்துப் பரண்மேல் வைத்துவிடுகிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

நோயுற்ற முதியவர் இழப்பது உடல் வலிமையை மட்டும் அன்று. பிறர் ஊட்டுகிறார்கள், பிறர் குளிப்பாட்டுகிறார்கள், எப்போது உறங்குவது என்பதையும் பிறரே முடிவு செய்கிறார்கள். எங்கே புள்ளி வைப்பது, எந்த நிறத்தைத் தொடுவது, எந்தப் பாட்டைப் பாடுவது என்பவை சிறிய முடிவுகள்தாம். ஆயினும் அவை அவருடையவை. அவற்றையும் பறித்துவிட்டால் எஞ்சுவது படுக்கையும் தொலைக்காட்சியும் மட்டுமே.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டல அலுவலகம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையொன்று, 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, நோயைத் தடுப்பதிலும் நோயுற்றோரைப் பேணுவதிலும் கலைகளுக்குப் பங்குண்டு என்று கூறியது. பக்கவாதத்தால் பேச்சிழந்தோருள் சிலர், பேச இயலாத சொற்களைப் பாட்டில் தெளிவாக உச்சரிப்பார்கள். இவ்வியல்பைப் பேச்சுப் பயிற்சியிலும் பயன்படுத்துகிறார்கள். நேற்றைய நிகழ்ச்சியை மறந்துவிடும் மறதிநோயாளர், இளமையில் கற்ற பாட்டை மறவாதிருப்பதும் உண்டு. இதனால் கலை மருந்துக்கு மாற்று ஆகிவிடாது. மறதிநோயை அது குணப்படுத்தும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941-இல், தம் 71-ஆம் வயதில், வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சைக்கு உள்ளானார். அதன்பின் நெடுநேரம் நின்று வரைய அவரால் இயலவில்லை. படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே, உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஓவியங்களை உருவாக்கினார். இன்று உலகம் போற்றும் அவருடைய படைப்புகளுள் அவையும் அடங்கும். “அவர் மேதை, எங்கள் பாட்டி அப்படியல்லவே” என்று தோன்றலாம். நாம் அவரிடம் கற்க வேண்டியது மேதைமையை அன்று. உடல் இடங்கொடாதபோது கலையை விடாமல் கருவியை மாற்றிக்கொண்டாரே, அதைத்தான்.

அம்மாற்றம் நம் வீட்டிலும் எளிதே. மூட்டுவலியால் தரையில் குந்த இயலாதவருக்கு மேசைமேல் சிலேட்டும் சாக்பீசும் போதும். விரற்பிடி தளர்ந்தவருக்குப் பென்சிலின்மேல் துணி சுற்றித் தடிமனாக்கித் தரலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு நெடியுள்ள எண்ணெய் வண்ணங்களைவிட நீர்வண்ணங்கள் ஏற்றவை. விடியற்காலையில் நீர் தெளித்த வாசலில் வழுக்கி விழுவாரோ என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகக் கோலத்தை நிறுத்த வேண்டியதில்லை. வாசலில் நல்ல விளக்கு எரியட்டும். நீரை வேறொருவர் தெளிக்கட்டும். வெளிச்சம் வந்தபின் துணையோடு அவர் கோலமிடட்டும். மார்பிலோ வயிற்றிலோ அறுவை சிகிச்சை நடந்திருந்தால், பாடுவதையும் கைவேலையையும் எப்போது தொடங்கலாம் என்பதை மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

குழந்தையைப் பாராட்டுவதுபோல் அவரைப் பாராட்ட வேண்டாம். பேரக்குழந்தைக்கு ஒரு சிக்குக்கோலமோ ஒரு பாட்டோ கற்றுத்தரும்படி கேளுங்கள். பிறரிடம் பெற்றுக்கொண்டே இருப்பவர், அந்த அரைமணி நேரமாவது கொடுப்பவர் ஆவார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நாள்தோறும் செய்துவந்த கலையை ஒருவர் தாமாகவே கைவிட்டால், “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள். கண்புரை, கைநடுக்கம், செவித்திறன் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றுள் ஒன்று அதன் பின்னால் இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் மருத்துவத்தில் வழியுண்டு. ஆனால், “அம்மா இரண்டு மாதமாகத் தையலைத் தொடவில்லை” என்பது குடும்பத்தார் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். எந்தப் பரிசோதனை அறிக்கையிலும் அது வராது.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மருந்துச் சீட்டோடு அச்செய்தியையும் கொண்டு வாருங்கள். அதைக் கேட்க நேரம் ஒதுக்குவது எங்கள் கடமை.