மகளுக்குக் கொழும்பைக் காட்டுங்கள்



மாத்தளை, உக்குவளை, வறக்காமுறை, கலேவெலை என்று நமது மாவட்டத்தில் பரந்து வாழும் நம் குடும்பங்களுக்குக் கொழும்பு ஒன்றும் அறியாத ஊரல்ல. பெருநாள் வந்தால் புறக்கோட்டைக்குப் போகிறோம். கல்யாணம் நெருங்கினால் போகிறோம். பெரியாஸ்பத்திரியில் யாராவது இருந்தால் போகிறோம். கூடவே மகளையும் அழைத்துப் போகிறோம். ஆனால், அவள் அங்கே கண்டது என்ன? புடவைக் கடையும் நெரிசலும் திரும்பி வரும் பஸ்ஸும்தான்.

பிறகு ஒரு நாள் உயர்தரப் பெறுபேறு வருகிறது. மகளுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் கிடைக்கிறது. வீடு சந்தோஷப்பட வேண்டிய அந்த நேரத்தில், "ஊரே தெரியாத பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்ற பேச்சு எழுகிறது. இரவு பகலாகப் படித்த பிள்ளையின் இடம் அந்த ஒரு பேச்சோடு கைநழுவிப் போன வீடுகளும் உண்டு. ஊரைத் தெரிய வைக்கும் பொறுப்பு யாருடையது என்று நாம் யோசித்தோமா?

பிள்ளை உயர்தரம் படிக்கும்போதே ஒரு நாளை அதற்கென்று ஒதுக்குங்கள். "காசுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். பெருநாளைக்கு எடுக்கும் உடுப்புகளில் ஒன்றைக் குறைத்தால் பெரும்பாலும் போதும். எப்படி என்று பார்ப்போம்.

முதலாவது பயணம். மாத்தளையிலிருந்து கண்டி வழியாகக் கொழும்பு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். குளிரூட்டிய பஸ்ஸுக்குச் சாதாரண பஸ்ஸைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கட்டணம். உம்மா, வாப்பா, மகள் என மூவர் போய் வரும்போது அந்த வித்தியாசமே ஒரு நாள் சாப்பாட்டுச் செலவைத் தாண்டிவிடும். கலேவெலை, தம்புள்ளைப் பக்கத்தார் குருநாகல் வழியாகப் போகலாம். மூன்றாம் வகுப்பு ரயில் எப்போதும் மலிவு. 1880ஆம் ஆண்டிலேயே மாத்தளைக்கு ரயில் வந்துவிட்டது. ஆனால், 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளைப் பெரிதும் சிதைத்ததால், ரயில் எங்கிருந்து ஓடுகிறது என்பதை நிலையத்தில் கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

இரண்டாவது சாப்பாடு. வழியில் பசி வந்த பிறகு கடை தேடினால் கை நிறையச் செலவாகும். விடிய முன்னர் எழுந்து இடியப்பமும் சம்பலும் ஒரு பார்சல், பகலுக்குச் சோற்றுப் பார்சல் ஒன்று, தண்ணீர்ப் போத்தல்கள். இவ்வளவும் நம் அடுப்படியிலிருந்தே போகட்டும். ஹலாலா என்று தேடும் அலைச்சலும் இல்லை.

மூன்றாவது, முச்சக்கர வண்டி. நகரத்தில் கைப்பணத்தைக் கரைப்பது இதுதான். அதற்கு மாற்று, பஸ் இலக்கம் தெரிந்திருப்பது. புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் நகர மண்டபம், பொது நூலகம் என்று கறுவாத் தோட்டப் பக்கமாகவே போகும். காலி வீதியில் போகும் 100, 101 இரண்டும் காலிமுகத்திடலைத் தொட்டுச் செல்கின்றன. இந்த மூன்று இலக்கங்களையும் மகள் தன் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும்.

இனி, எதைப் பார்ப்பது? ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். மூன்று இடம் போதும்.

முதலில் தேசிய நூதனசாலை. உள்நாட்டாருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டாரைவிட மிகக் குறைவு. மாணவ அடையாள அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையைக் கட்டி எழுப்பியவர் யார் தெரியுமா? நமது வாப்பிச்சி மரிக்கார் அவர்கள். வேலையை முடித்தபோது அவர் தமக்கென எதையும் கேட்கவில்லையாம். வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மட்டும் ஆளுநரிடம் கேட்டாராம். இப்படி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1892இல் ஸாஹிராக் கல்லூரியைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். இதைச் சொல்லிக்கொண்டே அந்தப் படிகளில் ஏறுங்கள். மகளுக்கு அந்தக் கட்டிடம் அந்நியமாகத் தோன்றாது.

உள்ளே கண்டி கடைசி மன்னனின் சிம்மாசனம் இருக்கிறது. ஆங்கிலேயர் கொண்டுபோய் 1934இல் திருப்பித் தந்தது. அதைவிட நம் பிள்ளைகள் நின்று பார்க்க வேண்டியது ஒரு கல். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த அந்தக் கல்லில் பொறித்த ஆண்டு 1409. அவரும் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1911இல் காலியில் அது கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், அரபெழுத்தில் எழுதிய பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்லப்பட்டிருக்கிறது. தமிழும் படித்து, குர்ஆனும் ஓதும் நம் பிள்ளை அந்தக் கல்லின் முன் நின்றால் இரண்டு எழுத்தும் அவளுக்குச் சொந்தம். 600 வருடத்துக்கு முன்னரே இந்தத் தீவில் அவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு, கண்ணால் காண்பது வேறு.

அங்கிருந்து வெளியே வந்தால் விஹாரமகாதேவிப் பூங்கா. பார்சலை அவிழ்க்க நிழலும் புல்லும் உண்டு, காசு கிடையாது. நகர மண்டபத்துக்கு அருகில் தெவட்டகஹப் பள்ளிவாசல் இருக்கிறது. பெண்கள் தொழ வசதியான இடம் எது என்பதைக் கொழும்பில் உள்ள உறவினரிடம் முன்னரே கேட்டு வையுங்கள். இவ்வளவு தூரப் பயணத்தில் ளுஹரையும் அஸரையும் சேர்த்தும் சுருக்கியும் தொழ ஷாபிஈ மத்ஹபில் சலுகை உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

இரண்டாவதாக, பல்கலைக்கழகம். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. பூங்காவிலிருந்து நடந்தே போகலாம். உள்ளே போக வேண்டாம். மதிலோரமாக ஒரு தடவை நடந்தால் போதும். புத்தகப் பையோடு போய்வரும் பெண் பிள்ளைகளை மகள் பார்க்கட்டும். அவர்களில் பர்தா அணிந்தவர்களையும் பார்ப்பாள். உம்மாவும் பார்க்கட்டும். "பிள்ளை எங்கே இருப்பாள், எந்தப் பாதையால் போவாள்?" என்ற கலக்கம் பாதியாவது அந்த நடையிலே தீரும்.

மூன்றாவதாக, காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் முடித்துவைத்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக இதைப் பேணுங்கள் என்று தமக்குப் பின் வரும் ஆளுநர்களுக்கு அவர் கல்லில் எழுதிவைத்தார். பெண்களுக்கென்றே எழுதிய இடத்தில் மலைநாட்டுப் பெண்கள் காற்று வாங்க யாரிடம் கேட்க வேண்டும்? 2022இல் திறந்த தாமரைக் கோபுரத்தில் ஏறுவதற்குக் காசு வேண்டும். தூரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பதற்கு வேண்டியதில்லை.

நேரம் மிஞ்சினால் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். புடவைக் கடைகள் பக்கத்தில்தான். கண்ணைக் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்!

கடைசியாக ஒரு யோசனை. அன்று பணப்பையை மகளிடம் கொடுங்கள். டிக்கெட் வாங்குவதும், மிச்சக் காசு எண்ணுவதும், வழி கேட்பதும் அவளே செய்யட்டும். சிங்களத்தில் இரண்டு வார்த்தை தடுமாறினாலும் பரவாயில்லை, பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். இரவு வீட்டுக்கு வந்ததும் கணக்கையும் அவளே எழுதட்டும். விடுதியில் இருந்து படிக்கும்போது மாதக் காசை அளந்து செலவழிக்க அது முதல் பாடம்.

நாளைக்கு அவள் கொழும்புக்குப் போவாளோ, பேராதனைக்கோ, ஒலுவிலுக்கோ, அல்லாஹ் அறிவான். எங்கு போனாலும் ஒரு பெரிய நகரத்தில் நிதானமாக நடந்து திரும்பிய பிள்ளைக்கு அடுத்த நகரம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. வரும் விடுமுறையில் ஒரு நாளைக் குறித்துவையுங்கள். இன்ஷா அல்லாஹ், பெறுபேறு வரும் நாளில் உங்கள் வீட்டில் சந்தோஷப் பேச்சு மட்டுமே இருக்கட்டும்.