ஏரியில் விழாதவர் ஏணியில் விழுந்தார்

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்தைய வாரம். இருபது வருடமாக ஏரியில் வலை போடும் ஒருவர் தடாலென்று விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். படகிலிருந்து அல்ல, வீட்டு ஏணியிலிருந்து.

பெயர் எதற்கு? அந்தக் குப்பங்களில் பாதிப் பேருக்கு மீதிப் பேர் மச்சான்தான். இவரையும் மச்சான் என்றே வைத்துக்கொள்வோம். படகில் கூட்டாளி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கதைதான் இது.

நடந்தது இவ்வளவுதான். சிமென்ட் ஷீட் போட்ட வீடு. போன மழையிலேயே அடுப்படியில் ஒழுகியது. 'ஆள் கூப்பிடலாம்' என்று மனைவி சொன்னார். ஆயிரம் ரூபாய் கூலி எதற்கு என்று மச்சான் தானே இறங்கினார், அதாவது ஏறினார். கையில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர். யாரோ தலைவருடைய பேனர் என்று நினைக்க வேண்டாம். மைத்துனன் மகள் கல்யாணத்துக்கு வாசலில் கட்டியது. அதில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மச்சானே சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பை ஒழுகும் இடத்தில் விரித்து, கயிறு போட்டுக் கட்டிவிட்டு இறங்கும்போது, பாத்திரம் கழுவிய ஈரத்தரையில் ஏணிக்கால் வழுக்கியது. விழும்போது எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கையை ஊன்றினார்.

பக்கத்து வீட்டுப் பாட்டி எண்ணெயை எடுத்துக்கொண்டு நீவிவிட ஓடிவந்தார். இன்னொருவர் 'புத்தூர் கட்டு' என்றார். ஆந்திர மாநிலம் புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டும் கட்டுக்கு வட தமிழ்நாட்டில் இன்றும் தனி நம்பிக்கை உண்டு. மச்சானின் மனைவி எதையும் காதில் வாங்கவில்லை. முதல் வேலையாக அவர் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றினார், துண்டால் கையைக் கழுத்தோடு கட்டினார், ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். எக்ஸ்ரே, மாவுக்கட்டு, ஆறு வாரம் ஓய்வு. மோதிரத்தைக் கழற்றியது சாதாரண விஷயம் அல்ல. வீக்கம் ஏறிய பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். உடைந்த எலும்பை நீவக் கூடாது என்பதும் அப்படித்தான். பாட்டிக்குக் கோபம், அது வேறு கதை.

அன்று சாயங்காலம் கூட்டாளிகள் மூன்று பேர் வந்தார்கள். கையில் பழம், ஹார்லிக்ஸ் எதுவும் இல்லை. வாசலில் நின்று முதலில் கூரையைப் பார்த்தார்கள். பிறகு பாயில் கிடந்தவரைப் பார்த்தார்கள்.

"மேல ஒருத்தன் சிரிச்சிக்கினு கீறான், கீழ ஒருத்தன் அழுதுக்கினு கீறான். இதுல எவன்டா நம்ம ஆளு?"

ஆரம்பித்துவிட்டது.

"ஸ்ரீஹரிகோட்டாவுல வுட்டா ராக்கெட் மேல போவுது. உன்னை வுட்டா கீழ வர்றியே மச்சான்!"

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் கிளம்புவதைக் கரையில் நின்று பார்த்தே வளர்ந்த ஊர் இது. ஆகவே இந்த ஜோக் அங்கே பழசு. யார் எங்கே விழுந்தாலும் சொல்வார்கள். ஆனாலும் சிரித்தார்கள்.

"இருட்டுல, சேத்துல, காத்துல குச்சி ஊன்றுவான். ஒண்ணு ஆடாது. பட்டப்பகல்ல சிமென்ட் தரையில ஒரு ஏணிய ஊன்றத் தெரியல."

இதில்தான் கொஞ்சம் வலி இருந்தது. ஏனென்றால் அது உண்மை. பழவேற்காட்டு இறால் வலையில் ஒன்று சுத்து வலை. ஏரியின் சேற்றில் குச்சிகளை ஊன்றி, அதில் வலையைச் சுற்றிக் கட்டி, நீரோட்டத்தோடு வரும் இறாலை மடக்குவது. குச்சி சரியாக ஊன்றவில்லை என்றால் ராத்திரி உழைப்பு முழுக்க நீரோடு போய்விடும். மச்சான் அதில் கெட்டிக்காரர். ஏரி ஒன்றும் ஆழமும் இல்லை. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று பெயர், ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். "இடுப்பளவு தண்ணியில இருபது வருசம் நின்னவனை எட்டடி ஏணி சாச்சிடுச்சு" என்று அவர்கள் சொன்னதில் மிகை எதுவும் இல்லை.

மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு அவரும் சேர்ந்துகொண்டார். "அண்ணே, நல்லா கேளுங்க. ஆயிரம் ரூவா மிச்சம் பண்றாராம். ஆட்டோவுக்கே எவ்ளோ ஆச்சு தெரியுமா?"

"தங்கச்சி, நீ ஒண்ணு பண்ணு. அடுத்த தடவ ஏணிக்கு ஒரு நங்கூரம் போட்டுடு."

மூலையில் மச்சானின் சொந்த அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை, ஒரு வார்த்தை கேலி பேசவும் இல்லை. "மாத்திரை போட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு வருத்தம் அதிகம் என்றோ மற்றவர்களுக்குக் குறைவு என்றோ அர்த்தம் இல்லை. முறை அப்படி. மாமன் மச்சான் கேலி பேசலாம், பேசியே ஆக வேண்டும். அண்ணன் தம்பிக்குள், பெரியப்பா சித்தப்பாவுக்குள் அது ஆகாது. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையைப் பந்தாடுவது யார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதை உலகத்துக்கு எழுதிவைத்தவர் ராட்கிளிஃப் பிரவுன் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர். கேலி உறவுகள் பற்றி 1940-ல் ஒரு கட்டுரை எழுதினார். சில உறவுகளில் ஒருவர் மற்றவரைக் கிண்டல் செய்ய அனுமதி உண்டு, சில இடங்களில் அது கடமையே. கேட்பவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதும் விதி. உலகின் பல மூலைகளிலிருந்து அவர் திரட்டிய சேதியை, நம் ஊர்ப் பாட்டிகள் 'மொறை இருந்தா பேசு, இல்லாட்டி வாய மூடு' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்.

வேட்டைக்காரர்களிடம் இந்தக் கேலி இன்னும் கூர்மையாக இருக்கிறது. ஆப்பிரிக்காவின் கலஹாரியில் குங் மக்களோடு வாழ்ந்த ரிச்சர்ட் லீ என்ற ஆய்வாளர், கிறிஸ்துமஸ் விருந்துக்காகக் கொழுத்த எருது ஒன்றை வாங்கி நிறுத்தினார். பார்த்தவர்கள் எல்லாம் 'இந்த எலும்புக்கூட்டையா வாங்கினாய்?' என்று பல நாள் கிண்டல் செய்தார்கள். மனிதர் நொந்துபோனார். வெட்டிப் பார்த்தால் அத்தனையும் கொழுப்பு! அங்கே பெரிய வேட்டையோடு வருபவனை வேண்டுமென்றே இப்படித்தான் மட்டம் தட்டுவார்களாம். இல்லையென்றால் தலைக்கனம் ஏறிவிடும் என்ற பயம். லீ இதை 1969-ல் எழுதினார்.

பழவேற்காட்டுக்காரர்களும் ஒருவகையில் வேட்டைக்காரர்களே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அந்தப் பக்கம் மீன்பிடிப்புக்குத் தெலுங்கில் பெயரே 'வேட்ட'. (பூநாரையைப் பார்த்துக் கை துறுதுறுப்பவர்கள் கவனிக்க: பறவை வேட்டை 1972-ம் வருடச் சட்டப்படி குற்றம்.) ஆனால் இங்கே ஒரு வித்தியாசம். கலஹாரியில் ஜெயித்தவனைக் கேலி செய்கிறார்கள். இந்த வீட்டில் கேலிக்கு ஆளானவர் தோற்று, கை உடைந்து, பாயில் கிடப்பவர். தட்டி வைக்க அவரிடம் என்ன தலைக்கனம் மிச்சம் இருக்கிறது?

அதற்குப் பாடு என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் தலைமுறைகளாக வைத்திருக்கும் ஏற்பாடு பாடு. நல்ல இறால் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். இஷ்டத்துக்கு விட்டால் தினமும் அடிதடிதான். அதனால் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை ஊர் கூடி, சுற்று முறையில் பிரித்துக்கொள்கிறது. தலைக்கட்டுக் கணக்கில் உரிமை. முறை வரும் நாள் உனக்கு, அடுத்த நாள் வேறொருவனுக்கு. அரசாங்கம் போட்ட சட்டம் அல்ல, ஊர் போட்டது. ஆய்வாளர்கள் வந்து வியந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாடு என்ற சொல்லுக்கு உழைப்பு, கஷ்டம் என்றும் தமிழில் பொருள் இருப்பதை நினைத்தால், பெயர் வைத்தவரும் கேலி முறை உள்ளவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் ஏரிக்குள் புது நீர் வரும், இறாலும் நன்றாக ஓடும். வருடத்துச் சம்பாத்தியத்தில் பெரிய பங்கு இந்த மாதங்களில்தான். மச்சான் விழுந்தது செவ்வாய்க்கிழமை. அவர்கள் வலைக்கு முறை வருவது அடுத்த வியாழன். கேலிக்குச் சிரித்துக்கொண்டே அவர் மனம் எண்ணிக்கொண்டிருந்தது அந்த ஒன்பது நாளைத்தான். ஆறு வாரம் என்றால் எத்தனை முறை கைவிட்டுப் போகும்? தன் இடத்துக்கு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்களா? சேர்த்த ஆள் நன்றாகக் குச்சி ஊன்றிவிட்டால்?

இதைக் கேட்க முடியாது. கூட்டாளியிடம் பங்கு பற்றிக் கேட்பது அவனை நம்பவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

அப்போதுதான் மூவரில் இளையவன் வாய்விட்டான். "வுடு மச்சான். இனிமே நீ ஊட்லயே குந்திக்கினு கிழவங்களோட வலைய தச்சிக்கினு இரு. ஏரி வேலைய நாங்க பார்த்துக்கிறோம்."

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதுவும் கேலிதான், சொன்னவனுக்கு முறையும் உண்டு. ஆனாலும் அது தவறிப்போன கேலி. இதுவரை சொன்னதெல்லாம் அவர் விழுந்ததைப் பற்றியது. இது அவர் இனி எழமாட்டார் என்பது போல இருந்தது.

மூத்த கூட்டாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "டேய், நீ பேசாத. பாத்ரூம் கதவுக்குத் தாப்பா அடிக்கிறேன்னு உள்ளாறவே நின்னு அடிச்சி, தொறக்கத் தெரியாம ரெண்டு மணிநேரம் கெடந்தவன்தான நீ? உங்க அம்மா ஜன்னல் வழியா சோறு குடுத்திச்சி."

"சோறு இல்ல, தண்ணி மட்டுந்தான்" என்றான் இளையவன், தலையைச் சொறிந்துகொண்டே.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

அந்த இடைவெளியில், பேச்சோடு பேச்சாக, மூத்தவர் சொன்னார்: "வியாழக்கிழமை இவன்தான் உன் எடத்துல நிப்பான். ரெண்டு ஆள் வேலை செய்வான், பேசுன வாய்க்கு. வலை நாலு பேரோடது. பங்கும் நாலாத்தான் போவும். கட்டுப் பிரிக்கிற வரைக்கும்."

"கூலிக்கு யாராவது..." என்று ஆரம்பித்தார் மச்சான்.

"கூலி ஆளுக்கு ஏணி ஏறத் தெரிஞ்சிருக்கும். அப்புறம் உன்னை யார் சேர்த்துப்பா?"

மூலையில் இருந்த அண்ணன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார், தலையைக் குனிந்து, யாரும் பார்க்காத மாதிரி.

மறுநாள் காலை மூவரும் மறுபடி வந்தார்கள். ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை ஈரத்தரையில் சாக்கு விரித்திருந்தது. ஏணியின் உயரம் எட்டடி என்றால் அதன் கால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருக்க வேண்டும் என்பது உலகமெங்கும் வேலைத்தளங்களில் சொல்லும் கணக்கு. நாலுக்கு ஒன்று. மச்சான் அதைச் செங்குத்தாக வைத்திருந்தாரா, படுக்க வைத்திருந்தாரா என்பதில் இன்றுவரை ஊரில் ஒருமித்த கருத்து இல்லை. மேலே போனவர் சிமென்ட் ஷீட்டில் காலை வைக்கவில்லை. பழைய ஷீட் ஆள் கனம் தாங்காது, அப்பளம் மாதிரி உடைந்து ஆளை உள்ளே விட்டுவிடும். இரண்டு கட்டையின் மேல் கிடக்கும்படி ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் முட்டிபோட்டு வேலை செய்தார். வலைக் கயிற்றால், வலை முடிச்சே போட்டு, பேனரைக் கட்டினார்கள். இப்போது படம் கீழ்ப்பக்கம் இருந்தது.

"ஏன்டா திருப்பிப் போட்டீங்க?" என்று உள்ளிருந்து குரல்.

"மேல இருந்தா காக்கா பயப்படுது மச்சான்."

வியாழக்கிழமை சாயங்காலம் படகு கிளம்பும்போது மச்சானும் கரைக்கு வந்துவிட்டார். கட்டு நனையாமல் இருக்க மனைவி பிளாஸ்டிக் கவர் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே வரச்சொல்லியிருந்ததால், நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டார். ஆட்டிய அதே கையால் உத்தரவு போடவும் ஆரம்பித்தார். "குச்சிய அங்க ஊன்றாத... காத்து எங்கேருந்து அடிக்குது பாரு... இன்னும் கொஞ்சம் வடக்கால போ..."

படகு நூறடி போயிருக்கும். இளையவன் எழுந்து நின்று, வாயில் கையைக் குவித்துக் கத்தினான்.

"மச்சான்... தெரியலன்னா ஏணி போட்டு ஏறிப் பாரு!"

கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த கிழவர்கள் வரை சிரித்தார்கள். மச்சான் சோற்றுக்கைப் பழக்கத்தில் கல்லை எடுக்கப் போய், கட்டு இடித்து, இடது கையால் எடுத்து வீசினார். அது படகுக்குப் பாதித் தூரம்கூடப் போகவில்லை.