அசலுக்கு 'ஏ'... எழுதுபொருளுக்கு 'இ'!

மரக்காணம் உப்பளங்களில் உப்பு விளைகிறது. விளைந்த உப்புக்கு ஒரு விலை கிடைக்கிறது. 'விளை'க்கும் 'விலை'க்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதை மாற்றி எழுதிவிட்டால், படிக்கிறவர் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். ல, ள, ழ மூன்றையும் பிரித்துப் பழகிய நமக்கு, ஒற்றை எழுத்து ஒரு சொல்லின் பொருளையே புரட்டிவிடும் என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால், ஆங்கிலம் என்று வந்துவிட்டால் பேனா தயங்குகிறது. 'ஸ்டேஷனரி'யில் கடைசி 'ஆர்'க்கு முன்னால் 'ஏ' வருமா, 'இ' வருமா? 'பிரின்ஸிபல்' எப்படி முடியும்? 'லூஸ்' என்பதற்கு எத்தனை 'ஓ'?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கிளம்பினால் கோட்டக்குப்பம், பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், காலாப்பட்டு, கூனிமேடு என்று ஊர்கள் வரிசையாக வரும். நடுவில் இடதுபக்கம் திரும்பினால் ஆரோவில். நேராகப் போனால் மரக்காணம். வெளிநாட்டினரும் வெளியூர்க்காரர்களும் வந்துபோகிற பாதை என்பதால் ஆங்கிலப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. இந்தப் பாதையில் புழங்கும் சொற்களையே வைத்து, அதிகம் குழப்பும் சில ஆங்கிலச் சொற்களை இந்த வாரம் பிரித்துப் பார்க்கலாம்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது?

தமிழில் பெரும்பாலும் காதில் விழுவதை எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் அது நடக்காது. பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம் என்று பல மொழிகளிலிருந்து சொற்களை வாங்கிய ஆங்கிலம், அந்தந்த மொழியின் எழுத்துகளையும் சேர்த்தே வாங்கிவைத்திருக்கிறது. சில சமயம் தேவையில்லாத எழுத்தையும் நுழைத்துக்கொண்டது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஊமையாக ஒரு 'பி' இருக்கிறதே, அது அப்படி வந்ததுதான். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' கிடையாது. லத்தீன் மூலத்தில் 'பி' இருக்கிறது என்பதற்காகப் பிற்காலத்துப் படிப்பாளிகள் அதைச் செருகினார்கள். உச்சரிப்பு மாறவில்லை, எழுத்து மட்டும் கூடிவிட்டது.

நமக்கென்று தனியாக இன்னொரு சிக்கலும் உண்டு. 'எஸ்' ஒலியையும் 'இசட்' ஒலியையும் தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்ட முடியாது. அதனால், ஆங்கிலேயர் காதுக்கு வேறு வேறாக ஒலிக்கும் இரண்டு சொற்கள் நமக்கு ஒரே 'லூஸ்' ஆகிவிடுகின்றன.

வில்லா, வில்லேஜா?

முதலில் ஊர்ப் பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு கலசத்தில் இட்டுத் தொடங்கப்பட்டது ஆரோவில். பெயரின் முதல் பாதி ஸ்ரீ அரவிந்தரைக் குறிக்கிறது. நாம் 'அரவிந்தர்' என்று சொல்வதை வங்காளிகள் 'அரொபிந்தோ' என்பார்கள். ஆங்கிலத்தில் அது 'ஏ-யூ' என்று தொடங்குகிறது. பிரெஞ்சில் விடியலுக்கு 'அரோர்' என்று பெயர். அதனால் 'விடியலின் நகரம்' என்ற பொருளும் இந்தப் பெயருக்குச் சேர்ந்துகொண்டது.

பின்பாதியில் உள்ள 'வில்' பிரெஞ்சுச் சொல். பொருள், நகரம். எழுதும்போது இரண்டு 'எல்', கடைசியில் ஓர் ஊமை 'இ'. ஆங்கிலத்தின் 'வில்லா', 'வில்லேஜ்' இரண்டுக்கும் இதற்கும் லத்தீனில் மூலம் ஒன்றுதான். ஆனால், ஆங்கிலத்தில் 'வில்லேஜ்' என்றால் கிராமம். 'ஆரோ வில்லேஜ்' என்று யாராவது எழுதினால், நகரத்தைக் கிராமமாக்கிவிட்டார் என்று பொருள்!

பாலைவனமும் பாயசமும்

இந்தப் பக்கத்து உணவகங்களின் மெனு கார்டில் கட்டாயம் இருக்கும் சொல் 'டிஸர்ட்'. சாப்பாடு முடிந்தபின் பரிமாறும் இனிப்பு. சாப்பிட்ட மேஜையைத் துடைத்துச் சுத்தம் செய்வது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இதில் இரண்டு 'எஸ்'. ஒரு 'எஸ்' போட்டால் அது 'டெஸர்ட்', பாலைவனம். உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு: பாலைவனத்துக்கு அழுத்தம் முதல் அசையில், இனிப்புக்கு இரண்டாம் அசையில்.

நினைவில் வைக்க எளிய வழி: பாலைவனத்துக்கு ஒரு தடவை போனால் போதும். பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்குவோம்.

அசையாததும் எழுதுவதும்

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டுப் புத்தகக் கடையின் பலகையை நின்று படித்துப் பாருங்கள். பல ஊர்களில் 'ஏ' போட்டு எழுதியிருப்பார்கள். அப்படி எழுதினால் 'நகராமல் நிற்பது' என்று பொருளாகிவிடும். பேனா, பென்சில், காகிதம் விற்கும் கடைக்கு 'இ' போட வேண்டும்.

இரண்டு சொல்லும் ஒரே குடும்பம்தான். அந்தக் காலத்து ஐரோப்பாவில் வியாபாரிகள் பலரும் ஊர் ஊராகச் சுற்றி விற்றார்கள். புத்தகமும் காகிதமும் விற்றவர்கள் மட்டும் பல்கலைக்கழகங்களை ஒட்டி ஒரே இடத்தில் கடை போட்டார்கள். ஒரே இடத்தில் நின்றவர் 'ஸ்டேஷனர்'. அவர் விற்றது 'ஸ்டேஷனரி'. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: அசையாதது என்றால் 'ஏ'. எழுதுபொருள் என்றால் 'இ'. தமிழின் முதல் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

பணம் சம்பந்தப்பட்ட சொற்கள்

பலகையில் எழுத்து மாறினால் சிரித்துவிட்டுப் போகலாம். பத்திரத்தில் மாறினால், அல்லது மாற்றிப் புரிந்துகொண்டால், அப்படிப் போக முடியாது. கையெழுத்துப் போடும் இடத்தில் வரும் சொற்களை மட்டுமாவது கொஞ்சம் நின்று படிப்பது நல்லது.

பிரின்ஸிபல்: வங்கிக் கடன் தாளில் வரும் இந்தச் சொல்லுக்கு அசல் தொகை என்று பொருள். வட்டி இதன்மேல்தான் கணக்காகும். கல்லூரி முதல்வரும் இதே சொல்தான். இது 'ஏ-எல்' என்று முடியும். 'எல்-இ' என்று முடிந்தால் கொள்கை. அசல் என்றால் 'ஏ'. கடன் விண்ணப்பத்தில் 'கொள்கைத் தொகை' என்று யாரும் எழுத விரும்ப மாட்டார்கள்.

லெஸ்ஸார், லெஸ்ஸீ: உப்பளம் என்றாலே குத்தகைப் பேச்சும் கூடவே வரும். வீட்டு வாடகை ஒப்பந்தத்திலும் இதே இரண்டு சொற்கள் உண்டு. குத்தகைக்குக் கொடுப்பவர் 'லெஸ்ஸார்', முடிவில் 'ஓ-ஆர்'. எடுப்பவர் 'லெஸ்ஸீ', முடிவில் இரண்டு 'இ'. 'வரியை யார் கட்டுவது, பழுதை யார் பார்ப்பது' என்பதெல்லாம் இந்த இரண்டு சொற்களை வைத்தே எழுதப்பட்டிருக்கும். 'ஓ' என்றால் ஓனர் என்று நினைவில் வையுங்கள்.

வீட்டை அடமானம் வைக்கும்போதும் இதே கணக்குதான். பெயரின் முடிவில் 'ஓ-ஆர்' வருபவர் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கும் சொந்தக்காரர். இரண்டு 'இ' வருவது, அடமானம் பிடிக்கும் வங்கி. பணத்தைக் கொடுப்பவர் யார் என்று பார்த்தால் குழம்பும். சொத்தைக் கொடுப்பவர் யார் என்று பார்த்தால் குழம்பாது.

லூஸ்: உப்பைப் பாக்கெட்டில் அடைக்காமல் 'லூஸில்' விற்பார்கள். தளர்ந்த, கட்டப்படாத என்ற பொருள். இதில் இரண்டு 'ஓ'. முடிவில் 'எஸ்' ஒலி. இழப்பது, தோற்பது என்ற பொருளில் வரும் சொல்லுக்கு ஒரே 'ஓ'. அங்கே 'இசட்' ஒலி. ஓர் 'ஓ'வை இழந்துவிட்டதால்தான் அது 'இழப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

லைசென்ஸ், அட்வைஸ்: நம் நாட்டில் பெரும்பாலும் பின்பற்றும் பிரிட்டிஷ் முறையில் பெயர்ச்சொல்லுக்கு 'சி', வினைச்சொல்லுக்கு 'எஸ்'. கையில் இருக்கும் உரிமம் 'சி'. உரிமம் வழங்குவது 'எஸ்'. சொன்ன அறிவுரை 'சி'. அறிவுரை சொல்வது 'எஸ்'. அமெரிக்கர்கள் உரிமத்துக்கு இரண்டு இடத்திலும் 'எஸ்' போடுவார்கள். அது அவர்கள் வழக்கம். உப்புப் பாக்கெட்டில் 'அயோடைஸ்டு' என்பதைச் சிலர் 'எஸ்' போட்டும், சிலர் 'இசட்' போட்டும் அச்சிடுவது ஏன் என்று யோசித்திருந்தால், அதற்கும் பதில் இதுதான். இரண்டுமே சரி.

புயலின் பெயர் என்ன?

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே ஒரு புயல் கரையைக் கடந்தது. மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. விழுப்புரம் மாவட்டமே தத்தளித்தது. அந்தப் புயலின் பெயரை முதலில் பலர் 'ஃபெங்கல்' என்றார்கள். பிறகு 'ஃபெஞ்சல்' என்றார்கள். சவுதி அரேபியா கொடுத்த அந்தப் பெயரை ஆங்கிலத்தில் 'ஜி' போட்டு எழுதியதுதான் குழப்பத்துக்குக் காரணம். 'ஜி'யை 'க' என்றும் படிக்கலாம், 'ஜ' என்றும் படிக்கலாம். எழுத்து ஒன்று, வாசிப்பு இரண்டு.

புயலோடு சேர்ந்துவரும் இன்னொரு குழப்பம் 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்'. பாதிப்பது 'ஏ'. அதன் விளைவு 'இ'. அடிப்பது 'ஏ', எஞ்சி நிற்பது 'இ'. நிவாரணம் கேட்டு மனு எழுதும்போது 'புயலால் பாதிக்கப்பட்ட' என்பதற்கு 'ஏ' போட வேண்டும். 'இந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது' என்று அரசாணையில் வரும்போது 'இ' போட வேண்டும்.

நம் பெயர், அவர்கள் எழுத்து

குழப்பம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போது படும் பாடு தனிக்கதை. மரக்காணத்தை ஒட்டியிருக்கும் கழுவெளி ஏரியை 2021-ல் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. அந்த ஏரியின் பெயரை ஆங்கிலத்தில் 'எல்' போட்டும் எழுதுகிறார்கள், 'இசட்-ஹெச்' போட்டும் எழுதுகிறார்கள். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லையே! விழுப்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அழுத்தம் 'ப்பு'வில் இருக்கிறது. ஆங்கிலத்திலோ பலர் 'எல்' இரண்டு, 'பி' ஒன்று போட்டு எழுதுகிறார்கள்.

இதையெல்லாம் சரிசெய்ய ஒரு முயற்சி நடந்தது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை 2020 ஜூனில் வெளியே வந்தது. 'எக்மோர்' எழும்பூர் ஆனதை வரவேற்றவர்களும், வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார்கள். சில நாட்களிலேயே அரசாணை திரும்பப் பெறப்பட்டது. பக்கத்திலேயே, 2006-ல் 'பாண்டிச்சேரி' அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது. ஆனால், காலாப்பட்டில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்றும் பழைய பெயரிலேயே இருக்கிறது. அங்கே படித்தவர்கள் சான்றிதழில் உள்ளபடிதான் எழுத வேண்டும்.

ஊர்ப் பெயருக்கே இந்த நிலை என்றால், ஆட்களின் பெயருக்கு? லக்ஷ்மியை 'கே-எஸ்-ஹெச்' போட்டும் எழுதலாம், 'எக்ஸ்' போட்டும் எழுதலாம். இரண்டும் பிழையல்ல. ஆனால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒன்றும், ஆதாரில் இன்னொன்றும் இருந்தால் பாஸ்போர்ட், பி.எஃப்., காப்பீடு என்று ஒவ்வோர் இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பெயரைச் சட்டப்படி மாற்ற அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். தமிழ்நாட்டில் அதைச் செய்வது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை. ஆம், அந்தத் துறையின் ஆங்கிலப் பெயரிலும் 'இ'தான்!

ஆகவே, வீட்டில் ஒரு வேலை செய்யலாம். குடும்பத்தில் எல்லோருடைய சான்றிதழ்களையும் ஒரு நாள் எடுத்துவைத்து, ஒவ்வொருவர் பெயரும் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் எல்லாத் தாள்களிலும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளியில் சேரப்போகும் குழந்தை இருந்தால், அதன் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை முதல் விண்ணப்பத்துக்கு முன்பே முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி வீட்டுக் கோப்பில் வைத்துவிடுங்கள். பிறகு யார் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் அந்தத் தாளைப் பார்த்தே நிரப்பட்டும்.