மேகன், ஜேக்கப்: பெயர் தாங்கிய சட்டங்கள்

1994 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஏழு வயது மேகன் கான்கா கொல்லப்பட்டாள். நாய்க்குட்டியைக் காட்டுவதாக அழைத்துச் சென்றவன் எதிர்வீட்டுக்காரன். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்காக முன்பே இருமுறை தண்டனை பெற்றவன். நீதிமன்ற ஏடுகளில் கிடந்த அச்செய்தி அவள் பெற்றோருக்குத் தெரியாது. ‘தெரிந்திருந்தால் காத்திருப்போமே’ என்பதே அவர்களது வாதம். மூன்றே மாதங்களில் மாநிலச் சட்டமும், 1996இல் நாடு தழுவிய சட்டமும் வந்தன. அக்கோரிக்கையில் குறைகாண எனக்கு மனம் வரவில்லை. மீண்டும் மீண்டும் குற்றம் புரிபவனுக்கு நெடுஞ்சிறை என்பதிலும் மறுப்பில்லை.

ஆனால், இறந்த குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டத்தை எந்த அரசியல்வாதி எதிர்ப்பார்? பட்டியல் நீண்டுகொண்டே போனது. 2006ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டம், கடுங்குற்றம் புரிந்த பதினான்கு வயதுச் சிறுவர்களையும் அதில் சேர்க்கச் சொன்னது. இதைக் கேள்விக்குட்படுத்தியவர்களுள் ஒருவர் பாட்டி வெட்டர்லிங். 1989இல் மின்னசோட்டாவில் கடத்தப்பட்ட பதினொரு வயது ஜேக்கபின் தாய். 1994இல் வந்த முதல் கூட்டரசுப் பதிவேட்டுச் சட்டம் அவர் போராடிப் பெற்றது; அவர் மகனின் பெயர் கொண்டது. மகனின் எச்சங்களோ 2016இல்தான் கிடைத்தன. அவரைக் குற்றவாளிகளின் தோழி என்று யார் சொல்லிவிட முடியும்?

எனக்கு உறுத்துவது வேறொன்று. குழந்தைகளைச் சிதைப்பவர்களில் பெரும்பாலோர் அக்குழந்தைக்குத் தெரிந்தவர்கள், பலர் குடும்பத்தினர். பதினாறு வயது மூத்த மகன்மீது புகார் சொல்ல நேரும் தாயை எண்ணிப் பாருங்கள். அவன் பெயரோடு இணையத்தில் ஏறக்கூடிய முகவரி, பாதிக்கப்பட்ட சிறுமியின் முகவரியாகவும் இருக்கலாம்.