அலமாரியில் உறங்கும் அறிக்கைகள்

ஆண்டுதோறும் பங்குனி, சித்திரைத் திங்கள்களில் தொழில்நுட்பக் கல்லூரிகளின் வாயிலுக்கு எதிரேயுள்ள பைண்டிங் கடைகளில் கூட்டம் அலைமோதும். இறுதியாண்டு மாணவர்கள் தத்தம் திட்டப்பணி அறிக்கைக்குக் கெட்டி அட்டை கட்டி, பொன்னெழுத்துப் பொறித்து வாங்கிச் செல்வர். வாய்மொழித் தேர்வு முடியும், மதிப்பெண் வழங்கப்படும், அறிக்கை துறை அலமாரிக்குள் புகும். அதன்பின் கரையானையன்றி அதனைத் திறந்து பார்ப்பார் எவருமிலர்.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று வினவுவார் உளர். அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டிலேயே கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கிற்று. 2022–23 கல்வியாண்டு முதல் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடங்கள் முதலாண்டிலேயே இடம்பெற்றுள்ளன. ஆகவே பொறியியல் மாணவரின் எழுத்தைப் பற்றிப் பேசுவது நமக்கு அயலார் வீட்டுப் பேச்சன்று. மேலும், திட்டப்பணி என்பது பாதி செய்கை, பாதி எழுத்து. அந்த எழுத்துப் பாதியைத்தான் நம் கல்லூரிகள் கைவிட்டுவிட்டன என்பது நம் கருத்து.

நாமறிந்த ஒரு கல்லூரியில் நிகழ்ந்ததைக் கூறுவோம். பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் நம் சமுதாயத்தவர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தோல் தொழிலில் ஈடுபட்டு வருவதை யாவரும் அறிவர். அத்தொழிலின் கழிவால் ஆறும் கிணறும் கெட்டதையும், 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டுமெனத் தீர்ப்பளித்ததையும் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்தபின் எஞ்சும் சேற்றில் குரோமியம் தங்கிவிடுகிறது. அதனை எங்கே கொட்டுவது? நான்கு மாணவர்கள் அச்சேற்றைச் செங்கல் மண்ணோடு கலந்து சுட்டுப் பார்த்தனர். சேறு சிறிதளவானால் கல் நின்றது. அளவு கூடக்கூட வலிமை குன்றி, நீரை உறிஞ்சியது. சூளையின் வெப்பத்தில் குரோமியத்தின் ஒரு பகுதி நச்சுத்தன்மை மிக்க வடிவத்திற்கு மாறக்கூடும். ஆதலின் அக்கல்லிலிருந்து மழைநீரில் நஞ்சு கசியுமா என்னும் கேள்வியே தலையாயது. அதனைச் சோதிக்கும் கருவி அவர்களிடம் இல்லை. கேள்வியை மட்டும் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுப் பட்டம் பெற்றுச் சென்றனர்.

சில ஆண்டுகள் கழித்து, அதே துறையில், அதே தலைப்பில், மற்றொரு குழு முதலிலிருந்து தொடங்கிற்று. அதே கலவைகள், அதே முடிவுகள், அதே கடைசிப் பக்கம்! முந்தைய அறிக்கை பத்தடி தொலைவில் பூட்டிய அலமாரியில் இருந்தது. எட்டு இளைஞர்களின் உழைப்புக்குப் பின்னும் கேள்வி ஓரடியும் நகரவில்லை. ஊரார்க்கோ, ஆலை உரிமையாளர்க்கோ இப்படியொரு முயற்சி நடந்ததே தெரியாது.

இதற்கு நேர்மாறான ஒரு முன்மாதிரி நம் வரலாற்றிலேயே உண்டு. தியார்பக்கிர் நகரில் அர்துகீ மன்னர்களிடம் பணிபுரிந்த பொறியாளர் அல்ஜஸரீ, தாம் செய்த பொறிகளையெல்லாம் ஒரு நூலாக எழுதித் தருமாறு மன்னர் வேண்டியதற்கிணங்க, 1206ஆம் ஆண்டில் அதனை முடித்தார். நீர்க் கடிகாரங்கள், நீரிறைக்கும் பொறிகள் முதலாக ஐம்பது சாதனங்கள், ஒவ்வொன்றுக்கும் படம், எந்தப் பொருளால் எவ்வாறு செய்து எவ்வாறு பொருத்துவது என்னும் விளக்கம். செய்து பார்க்கப்படாத அறிவை அவர் முழுமையாக நம்பவில்லை. அந்நூலை 1974ஆம் ஆண்டில் டொனால்ட் ஹில் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1976ஆம் ஆண்டில் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அல்ஜஸரீயின் நீர்க் கடிகாரமொன்று அந்நூலின் துணைகொண்டு மீண்டும் கட்டப்பெற்றது. எழுநூற்றெழுபது ஆண்டுகள் கழித்து ஓர் அந்நியர் படித்துச் செய்யுமளவுக்கு அவர் எழுதியிருந்தார். நம் மாணவரின் அறிக்கையை அடுத்த ஆண்டு மாணவரால் படித்துச் செய்ய முடிகின்றதா?

முடியாது, ஏனெனில் அது படிப்பதற்காக எழுதப்படுவதில்லை. முதல் இருபது பக்கம் வேறெங்கிருந்தோ பெயர்த்தது. சில வேளைகளில் அறிக்கை மட்டுமன்றித் திட்டப்பணியே கடையில் விலைக்கு வாங்கியது. (இவ்வாறு விற்கும் கடைகளின் விளம்பரத் தாள்களைக் கல்லூரிச் சுவர்களிலேயே காண்கிறோம்.) ஆசிரியர்களாகிய நாமும் இதில் குற்றமற்றவரல்லேம். பக்க எண்ணிக்கையைக் கண்டு மதிப்பெண் இட்டிருக்கிறோம். தோல்வியுற்ற சோதனையை நேர்மையாக எழுதிய மாணவனைவிட, எல்லாம் வென்றதாக எழுதியவனை மெச்சியிருக்கிறோம். கல்வி ஓர் அமானிதம் என்று மேடைதோறும் முழங்கும் நமக்கு இது அழகன்று.

கல்லூரி இதழ்களின் நிலையும் எண்ணத்தக்கதே. வாழ்த்துரைகளும் ஒளிப்படங்களும் பாதியை விழுங்குகின்றன; இம்மலரும் அதற்கு முற்றிலும் விலக்கன்று. எஞ்சிய பக்கங்களில் ஒவ்வொரு குழுவும் தன் பணியைப் பற்றி இரண்டு பக்கம் நல்ல தமிழில் எழுதினால் என்ன? எதைக் கண்டறிய முயன்றோம், என்ன செய்தோம், எங்கே தவறினோம், அடுத்து வருபவர் எதிலிருந்து தொடங்கலாம் என்பவை போதும். ஊரிலுள்ள பட்டறைக்காரரும் படித்து விளங்கும் தமிழாக அது இருத்தல் வேண்டும். திருத்தித் தரும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்கும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் கட்டுரையை வெளியிடும் பெயரளவு ஆய்விதழ்களில் அச்சேறுவதைவிட இது மேலானது.

ஓர் எச்சரிக்கை. புதிய கண்டுபிடிப்பெனக் கருதத்தக்கது ஏதேனுமிருந்தால், அச்சிடுமுன் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடல் வேண்டும். முன்னரே வெளியானது பொதுவாகப் புதுமை இழந்ததாகிவிடும். 2021ஆம் ஆண்டின் விதித் திருத்தத்தால் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணம் 80 விழுக்காடு குறைக்கப்பட்டுள்ளது. எனினும் பெரும்பாலான திட்டப்பணிகளுக்கு இக்கவலை எழாது.

சமுதாயப் பெரியோர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுவிழாவில் கேடயங்கள் வழங்குகின்றீர்கள், நன்று. அதனோடு உங்கள் ஆலைக் கதவையும் மாணவர்க்குத் திறந்துவிடுங்கள். சேற்றின் மாதிரியைத் தாருங்கள். சோதனைச்சாலைக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் கண்டது உங்களுக்கு உவப்பற்றதாயினும் அச்சிட விடுங்கள். கடைசியாகச் சொன்னதே கடினம் என்பதை நாம் அறிவோம்.

மேற்சொன்ன கல்லூரியிலிருந்து அவ்விரு அறிக்கைகளையும் கேட்டிருக்கிறோம். கிடைத்ததும் இரண்டையும் சேர்த்து நான்கு பக்கமாகச் சுருக்கி அடுத்த மலரில் வெளியிடுவோம். உடைந்த கற்களின் கலவை அளவுகளும், விடை காணாத அந்தக் கடைசிக் கேள்வியும் அதில் விடுபடாமல் இருக்கும்.